அரைப்பேர்

2020 பெப்ரவரி 1ஆம் திகதி மத்தளையில் ஒரு விமானம் இறங்கியது. சீனாவின் வூஹான் நகரில் மாட்டிக்கொண்டிருந்த 33 இலங்கையர், பெரும்பாலும் மாணவர்கள், அதில் வந்தார்கள். அவர்களை வீட்டுக்கு அனுப்பவில்லை. பஸ்ஸில் ஏற்றி ஊவா மலைக்கு, தியத்தலாவை இராணுவ முகாமுக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு வாரம் வைத்திருந்து, நோய் இல்லை என்று உறுதியான பிறகு விட்டார்கள். கொரோனாவுக்காக இந்த நாட்டில் நடந்த முதல் தனிமைப்படுத்தல் அதுதான். அப்போது நாங்கள் அதை டீவியில் பார்த்து, "அட, நம்ம பக்கம்தான்" என்று சிரித்துவிட்டு சனலை மாற்றினோம்.

தியத்தலாவைக்கு இது புதுசு இல்லை. 1900இல் தென்னாபிரிக்கப் போரில் பிடிபட்ட போயர் கைதிகளை வெள்ளைக்காரன் கப்பலில் கொண்டுவந்து அடைத்து வைத்ததும் அதே புல்வெளியில்தான். ஐயாயிரம் பேரளவில் இருந்தார்கள். அங்கே தைபோய்ட் காய்ச்சல் வந்து பலர் செத்தும் போனார்கள். தகரக் கொட்டில், முள்ளுக்கம்பி, காவல். ஆளைப் பிரித்து வைக்க வேண்டும் என்றால் அரசாங்கத்துக்கு மலை ஞாபகம் வரும். நூற்றிருபது வருஷமாக அது மாறவில்லை.

மாறாத இன்னொன்று சட்டம். 2020இல் முகக்கவசம், ஒரு மீற்றர் இடைவெளி, வீட்டுக்கு ஒட்டிய நோட்டீஸ், பிறகு முஸ்லிம் மக்களின் உடல்களையும் எரித்தே ஆகவேண்டும் என்ற அந்தக் கொடுமையான விதி, எல்லாமே வர்த்தமானியில் வந்தது ஒரே சட்டத்தின் கீழ்: 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல் மற்றும் நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டம். 1896இல் பம்பாயில் பிளேக் வந்தது. அது இலங்கைக்குள் வந்துவிடும் என்ற பயத்தில் பிறந்த சட்டம் அது. அந்தப் பயத்தில் முக்கால்வாசி நம்முடைய பாட்டன் பூட்டனைப் பற்றிய பயம். தேயிலைக்கு ஆள் வேண்டும், ஆனால் ஆளோடு வருகிற நோய் வேண்டாம். அதனால் தூத்துக்குடிப் பக்கம் தட்டப்பாறையில் ஒரு முகாம், கொழும்புக்கு வடக்கே ராகமவில் ஒரு முகாம். 1914இல் தனுஷ்கோடி - தலைமன்னார் கப்பல் பாதை திறந்த காலத்திலிருந்து மண்டபம் முகாம். அங்கே சில நாள் அடைத்து வைத்து, துணிமணியை அவித்து, அம்மைப்பால் குத்தி, வரிசையில் நிற்கவைத்துப் பார்த்து அனுப்பினார்கள்.

மண்டபத்தின் கதை அதோடு முடியவும் இல்லை. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் போட்டுத் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் இறங்கிய இடமும் அதே மண்டபம். 1983க்குப் பிறகு அகதியாகப் போனவர்கள் தங்கிய இடமும் அதே மண்டபம். ஒரே முகாம், மூன்று தலைமுறை.

இதையெல்லாம் ஏன் சொல்கிறோம் என்றால், மலையகத்தில் நோய்க்கு நிறையப் பதிவு இருக்கிறது. எத்தனை பேர் இறங்கினார்கள், எத்தனை பேருக்கு அம்மை, எத்தனை பேருக்கு வாந்திபேதி, எத்தனை பேர் வழியிலேயே செத்தார்கள், எல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். பரிவால் எழுதியது இல்லை. கணக்கால் எழுதியது. கோப்பிக் காலத்தில் நோயில் விழுந்த கூலிகளைத் தோட்டத்தை விட்டு வெளியே தள்ளிவிடுகிறார்கள் என்ற புகார் பெருகித்தான் 1872இல் தோட்டங்களுக்கென்று முதல் மருத்துவத் தேவைகள் சட்டமே வந்தது. ஆனால் அந்தப் பேரேடுகளில் இரண்டு பத்திதான் உண்டு: வந்தவர், செத்தவர். காய்ச்சல் விட்டும் தேறாமல் கிடந்தவருக்குப் பத்தி கிடையாது.

"தேறுதல்" என்பது நல்ல சொல். பரீட்சையில் தேறுவதும் அதே சொல், உடம்பு தேறுவதும் அதே சொல். லயத்தில் பாட்டிமார் "காய்ச்ச விட்டிருச்சு, ஒடம்பு இன்னும் தேறல" என்பார்கள். நோய் போவது ஒன்று, தேறுவது இன்னொன்று என்று அவர்களுக்குத் தெரியும். பேரேட்டுக்குத்தான் தெரியாது.

1918 இன்ஃபுளுவென்சாவை எடுத்துக்கொள்ளுங்கள். அது இலங்கையில் இரண்டு அலையாக அடித்தது, ஆண்டின் நடுவில் லேசாக, பிற்பகுதியில் கடுமையாக. எவ்வளவு பேர் செத்தார்கள் என்பதில் ஆய்வாளர்களுக்குள்ளேயே பெரிய வித்தியாசம். சித்தார்த் சந்திராவும் தில்ஷானி சரத்சந்திராவும் 2014இல் வெளியிட்ட ஆய்வு, பழைய குடிசன மதிப்பீடுகளை வைத்துக் கணக்குப் போட்டு, இழப்பு 3 லட்சத்துக்கும் மேல் என்கிறது. முன்பு நினைத்ததைவிடப் பல மடங்கு. அந்தக் காலத்தில் ரயில் பண்டாரவளையோடு முடிந்துவிடும். பதுளைக்கு ரயில் வந்தது 1924இல்தான். பசறை, மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டங்களுக்கு நோயும் வண்டிப்பாதையிலும் கால்நடையாகவும்தான் ஏறியிருக்க வேண்டும். கூடவே யுத்தகால அரிசித் தட்டுப்பாடு. செத்தவர் கணக்கிலேயே இத்தனை இழுபறி என்றால், பிழைத்தவர்கள் எப்படி இருந்தார்கள் என்று யார் எழுதியிருப்பார்கள்?

வேறு நாடுகளில் கொஞ்சம் எழுதியிருக்கிறார்கள். 1889இல் "ரஷ்யக் காய்ச்சல்" என்று ஒன்று உலகம் சுற்றியது. அது போனபிறகும் மாதக்கணக்கில் சோர்வு, தூக்கமின்மை, மனச்சோர்வு என்று ஆட்கள் வந்ததை ஐரோப்பிய வைத்தியர்கள் குறித்து வைத்தார்கள். அது இன்ஃபுளுவென்சாவே இல்லை, ஒரு கொரோனா வைரசாக இருக்கலாம் என்று இன்று சில விஞ்ஞானிகள் சந்தேகப்படுகிறார்கள். சந்தேகம்தான், முடிவு இல்லை. 1917இல் வியன்னாவில் கொன்ஸ்டன்டின் வொன் எகனோமோ என்ற நரம்பியல் வைத்தியர் விநோதமான ஒரு தூக்க நோயைப் பற்றி எழுதினார். மூளை அழற்சி. சிலர் தூங்கியே செத்தார்கள். பிழைத்தவர்களில் பலர் வருஷங்கள் கழித்து சிலைபோல உறைந்து போனார்கள். அதில் மிஞ்சிய சிலருக்கு 1969இல் நியூயோர்க்கில் ஒலிவர் சாக்ஸ் என்ற வைத்தியர் எல்-டோபா மருந்து கொடுத்து, அவர்கள் கொஞ்சகாலம் விழித்தெழுந்த கதையைப் புத்தகமாக எழுதினார். பிறகு அது சினிமாவாகவும் வந்தது. அந்தத் தூக்க நோய்க்கும் 1918 காய்ச்சலுக்கும் தொடர்பு உண்டா என்பது இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை.

எங்களை அதிகம் உலுக்கியது ஆபிரிக்கக் கதை. இன்றைய தான்சானியாவில் 1918க்குப் பிறகு ஒரு பஞ்சம் வந்தது. போர், மழை பொய்த்தது என்று காரணம் பல. ஆனால் வரலாற்றாளர் சிலர் இன்னொன்றையும் சேர்க்கிறார்கள்: காய்ச்சலில் பிழைத்தவர்களுக்கு விதைக்கத் தெம்பு இல்லை. விதைப்புக் காலம் வந்தது, மண்வெட்டியைத் தூக்க முடியவில்லை. நிலத்தில் குனிந்து வேலை செய்கிறவர்களின் தேறாத உடம்பு ஒரு ஊரையே பட்டினி போடலாம் என்றால், தேயிலை மலையில் அது என்ன செய்திருக்கும்?

1918க்கு இனி விடை கிடைக்காது. 2021க்குக் கிடைக்கலாம்.

2020 மார்ச் 20ஆம் திகதி நாடு முழுக்க ஊரடங்கு போட்டார்கள். தோட்டத்துக்கு மட்டும் அடங்கவில்லை. தேயிலை அத்தியாவசியம் என்று சொல்லி மலைக்கு இறங்க அனுமதித்தார்கள். கொழும்பில் 1883 முதல் சத்தம் போட்டு நடந்த தேயிலை ஏலம் ஏப்ரல் முதல் வாரத்தில், வரலாற்றில் முதல் தடவையாக, இணையத்துக்கு மாறியது. ஏலம் விடுகிறவர்கள் வீட்டில் இருந்தார்கள், கொழுந்து எடுக்கிறவர்கள் மலையில் இருந்தார்கள். ஒக்டோபரில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலைக் கொத்தணி வெடித்தது. அடுத்த மாதம் தீபாவளி. கொழும்பில் கடையிலும் வீட்டிலும் வேலை செய்த நம் பிள்ளைகள் ஊருக்கு வந்தபோது, அவர்கள்தான் நோயைக் கொண்டுவருகிறார்கள் என்ற பேச்சு மறுபடி கிளம்பியது. மண்டபம் காலத்துப் பேச்சு, ஆள் மட்டும் வேறு. பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் ஆறு பேர் இருக்கும்போது "ஒரு அறையில் தனியாக இருங்கள்" என்று சொல்வதைக் கேட்டுச் சிரிப்பதா அழுவதா? பீலி ஒன்று, கக்கூஸ் பொது, இஸ்தோப்பு பொதுச்சுவர்.

பிறகு டெல்டா. 2021 ஓகஸ்ட் 20 தொடக்கம் ஒக்டோபர் 1 வரை மறுபடி நாட்டை மூடினார்கள். மொத்தக் கணக்கில் இந்தத் தொற்றில் இலங்கை இழந்தது 16,800 பேருக்கு மேல். உறுதிப்படுத்தப்பட்ட தொற்று ஆறரை லட்சத்துக்கு மேல். பரிசோதனைக்கே போகாத லயங்களின் காய்ச்சல் இந்த எண்ணிக்கைக்கு வெளியே. கவனியுங்கள், இதிலும் அதே இரண்டு பத்திதான். பாதிக்கப்பட்டோர், இறந்தோர். "குணமடைந்தோர்" என்று மூன்றாவது ஒன்று சேர்த்தார்கள், உண்மை. ஆனால் அதன் அர்த்தம் குறித்த நாட்கள் முடிந்து வீட்டுக்கு விட்டோம் என்பதுதான்.

எங்களில் ஒருத்தியின் அம்மா அந்தக் குணமடைந்தோரில் ஒருவர். பசறைப் பக்கம் ஒரு தோட்டம், பேர் வேண்டாம். அந்த ஓகஸ்டில் ஐந்து நாள் காய்ச்சல், ஒட்சிசன் எல்லாம் தேவைப்படவில்லை. ஆறாம் நாள் அடுப்பில் பருப்பு கருகி புகை காம்பரா முழுக்க நிறைந்தபோதுதான் தெரிந்தது, அம்மாவுக்கு மணமே தெரியவில்லை. பக்கத்துக் காம்பராக்காரர் ஓடிவந்து இறக்கினார். அடுத்த மாதம் மலைக்குப் போனார்கள். நிரையில் நின்று கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கும்போதே எந்தப் பக்கம் முடித்தோம் என்று மறந்துபோனது. கூடையோடு ஏற்றம் ஏறினால் நெஞ்சு அடித்தது, தலை சுற்றியது. அதைவிட அடுத்த நாள்தான் மோசம். ஒரு நாள் முழுசாக வேலை செய்தால் இரண்டு நாள் எழும்ப முடியவில்லை. "காய்ச்ச போயிருச்சு புள்ள, நாந்தான் இன்னும் திரும்பி வரல" என்றார்கள். இதைவிடத் துல்லியமாக ஒரு நோய்க்குறி விளக்கத்தை நாங்கள் எந்த ஆங்கிலக் கட்டுரையிலும் படிக்கவில்லை.

ஆங்கிலக் கட்டுரைகளையும் படித்தோம், அகராதியை வைத்துக்கொண்டு. நாங்கள் கலைப்பீடம், பிழை இருந்தால் மருத்துவபீட நண்பர்கள் திருத்தலாம். மணம் போவது பற்றி: மூக்கின் மேல்தட்டில் மணத்தை உணரும் நரம்புக் கலங்கள் இருக்கின்றன. அவற்றைத் தாங்கிப் போஷிக்கும் துணைக் கலங்களும் இருக்கின்றன. வைரஸ் நுழைவதற்கான கதவு துணைக் கலங்களில்தான் இருக்கிறது. தாங்குகிறவர் விழுந்ததும் நரம்பும் செயலிழக்கிறது. துணைக் கலம் வளர்ந்தால் பலருக்கு மணம் திரும்பும். சிலருக்கு மாதக்கணக்கு ஆகும், சிலருக்குக் கோணலாகத் திரும்பும், ரோசாப்பூ மண்ணெண்ணெயாக நாறும்.

மூளையைப் பற்றி: 2021இல் ஒரு பெரிய ஆய்வு, கோவிட் வந்த 2,36,379 பேரின் மருத்துவப் பதிவுகளை ஆறு மாதம் தொடர்ந்து பார்த்தது. பெரும்பாலும் அமெரிக்கர்கள். மூன்றில் ஒருவருக்கு அந்தக் காலத்துக்குள் ஏதோ ஒரு நரம்பு அல்லது மனநலப் பிரச்சினை பதிவாகியிருந்தது. ஏறக்குறைய நூற்றுக்கு 13 பேருக்கு அப்படி ஒன்று வாழ்க்கையிலேயே முதல் தடவை. தீவிர சிகிச்சைப் பிரிவு வரை போனவர்களிடம் இன்னும் கூட. பக்கவாதம், மூளை அழற்சி என்று பெரிய அடிகளும் உண்டு, பதற்றம், தூக்கமின்மையும் உண்டு. அரிதாக கியான் - பாரே: உடம்பின் எதிர்ப்புச் சக்தி குழம்பி, சொந்த நரம்பின் உறையையே தாக்க, கால் மரத்து, நடை நின்று, சிலருக்கு மூச்சே தடைப்படும். ஏன் இப்படி என்பதற்கு ஒரே பதில் இல்லை. சிறு இரத்தக் கட்டி, அடங்காத அழற்சி, உடம்பில் மிஞ்சிய வைரஸ் எச்சம் என்று பல வழியில் தேடுகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2021 ஒக்டோபரில்தான் இதற்கு ஒரு வரையறையே எழுதியது: தொற்று வந்து மூன்று மாதமளவில் இருந்து, குறைந்தது இரண்டு மாதம் நீடிக்கிற, வேறு நோயால் விளக்க முடியாத தொல்லை. சோர்வு, மூச்சுமுட்டு, மனம் மந்தமாகி ஞாபகம் தப்புவது, இவைதான் அதில் முதலில் சொல்லப்பட்டவை. அம்மா அதையெல்லாம் ஏற்கனவே சொல்லிவிட்டார்கள்.

இப்போது தலைப்புக்கு வருவோம். தோட்டம் தெரியாத வாசகர்களுக்காக: ஒரு நாள் வேலைக்கு செக்ரோலில் பதிவு விழுவதற்குப் பெயர் "பேர்". குறித்த கிலோவை எடுத்தால் முழுப்பேர். எடுக்காவிட்டால் அரைப்பேர், அரைச் சம்பளம். 2021 மார்ச்சில், வருஷக்கணக்காக இழுபட்ட ஆயிரம் ரூபா சம்பளம் வர்த்தமானியில் வந்தது. சந்தோஷப்பட்டோம். கூடவே பல தோட்டங்களில் எடுக்கவேண்டிய கிலோவும் ஏறியது. ஆக அந்த ஆயிரம் முழு உடம்புக்கு உரிய ஆயிரம். தேறாத உடம்புக்கு அரைப்பேர். கொழுந்து நிறுக்கும் இடத்தில் தராசு முன்னால் நிற்கும்போது, "நரம்பில் அழற்சி" என்று யாரிடம் சொல்வது? அம்மாவுக்குக் கிடைத்த பட்டம் சோம்பேறி. முப்பது வருஷம் கொழுந்து எடுத்த மனுஷிக்கு. 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் வேலையில் விழுந்து கால் உடைந்தவரைப் பற்றிப் பேசும். மலையில் நின்றபடியே எந்த நிரை என்று மறந்துபோனவரைப் பற்றி ஒன்றும் பேசாது.

அந்த அரைப்பேரில்தான் எங்களுக்கு ஒரு யோசனை வந்தது. 2022இல் ஒக்ஸ்போர்ட் ஆய்வாளர்கள் ஒரு முடிவை வெளியிட்டார்கள். பிரித்தானியாவில் பயோபேங்க் என்று ஒரு பெரிய திட்டம், கொரோனாவுக்கு முன்பே ஆயிரக்கணக்கானவர்களின் மூளையை ஸ்கேன் செய்து வைத்திருந்தது. அதில் 785 பேரை மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். 401 பேருக்கு இடையில் தொற்று வந்திருந்தது. அவர்களுக்கு, மணத்தோடு தொடர்புள்ள பகுதிகளில் சாம்பல்நிறப் பொருள் சற்று அதிகமாகக் குறைந்திருந்தது. பெரும்பாலானோர் ஆஸ்பத்திரிக்கே போகாதவர்கள். அந்த ஆய்வின் பலம் "முன்", "பின்" இரண்டும் இருந்ததுதான். முன் இல்லாமல் பின்னை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

நமக்கு எங்கே முன்? லயத்தில் யாருக்கு ஸ்கேன்? ஆனால் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு தோட்டத்திலும், ஒவ்வொரு தொழிலாளியும், ஒவ்வொரு நாளும் எத்தனை கிலோ எடுத்தார் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். முழுப்பேர் எத்தனை, அரைப்பேர் எத்தனை, பேரே விழாத நாள் எத்தனை. சம்பளத்தைப் பிடிப்பதற்காக எழுதிய கணக்கு. அதுவே, எழுதியவர் நினைக்காமலே, ஆயிரக்கணக்கான உடம்புகளின் முன் - பின் பதிவு. பிரித்தானியாவுக்கு பயோபேங்க், ஊவாவுக்கு செக்ரோல். அம்மா சம்பளத் துண்டுகளைப் பிஸ்கட் டின் ஒன்றில் போட்டு வைத்திருந்தார்கள். 2019இல் இருந்து எடுத்துத் தரையில் விரித்துப் பார்த்தோம். 2021 செப்டெம்பருக்குப் பிறகு துண்டுகள் மெலிகின்றன. கண்ணாலேயே தெரிகிறது.

இதில் ஓட்டை உண்டு, நாங்களே சொல்லிவிடுகிறோம். 2021 மே மாதத்தில்தான் இரசாயன உர இறக்குமதியைத் தடுத்தார்கள். பிறகு கொழுந்தே குறைந்தது, எல்லோருக்கும். அதனால் ஒருவரின் கிலோ குறைந்தால் அது நோயா உரமா என்று தனியே பார்த்துச் சொல்ல முடியாது. காய்ச்சல் வந்தவரையும் வராதவரையும் ஒரே மலையில், ஒரே நிரையில் வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். அதற்குத் தோட்டத்து ஒஃபீஸ் ஏட்டைத் திறக்க வேண்டும். ஒரு டின் துண்டை வைத்து வரலாறு எழுத முடியாது. ஆனால் எங்கே தேடவேண்டும் என்று அந்த டின் காட்டிவிட்டது. 1918க்கும் அப்படிச் செக்ரோல் இருந்திருக்கும், எங்கேயோ ஒரு பழைய ஒஃபீஸ் அலுமாரியில் கறையான் தின்று முடித்திருக்கும். 2021இன் ஏடுகளையும் கறையானுக்கு விடலாமா?

சிகிச்சையைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. அங்கேயும் முதலில் சொல்லே இடறுகிறது. ஆங்கிலத்தில் ரிஹபிலிட்டேஷன் என்கிறதை நாம் புனர்வாழ்வு என்கிறோம். இந்த நாட்டில் 2009க்குப் பிறகு வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் முகாம்தான் ஞாபகம் வரும், பிசியோதெரபி இல்லை. கந்தக்காட்டுப் போதைப்பொருள் புனர்வாழ்வு நிலையத்தில் 2020 ஜூலையில் பெரிய கொரோனாக் கொத்தணியே உருவானது. கடலுக்கு அந்தப் பக்கம் மறுவாழ்வு என்பார்கள். திரும்பிப் போனவர்களுக்கும் அகதிகளுக்கும் பொறுப்பான அரசுத் துறைக்கு அதுதான் பெயர். இரண்டு பக்கத்திலும் அது அரசாங்கம் நமக்குச் செய்கிற ஏதோ ஒன்று. பாட்டியின் "தேறுதல்" உடம்பு தானாகச் செய்வது, பக்கத்தில் இருப்பவர்கள் துணை நிற்பது. எங்களுக்கு அதுதான் சரியாகப் படுகிறது.

நரம்பு பாதிக்கப்பட்டவர் தேற என்ன வேண்டும்? கியான் - பாரே வந்து கால் விழுந்தவருக்கு மாதக்கணக்கில் உடற்பயிற்சிச் சிகிச்சை வேண்டும். முதலில் படுக்கையில் கட்டிலோரம் உட்காரப் பழக்கி, பிறகு கம்பியைப் பிடித்து நிற்க, பிறகு நடக்க. பக்கவாதம் வந்தவருக்குக் கை பழக்க, சட்டைப் பொத்தான் போட, விழுங்க, பேச என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆட்கள். இதற்கென்றே உள்ள பெரிய வைத்தியசாலை எங்கே இருக்கிறது தெரியுமா? ராகமவில். வாதநோய் மற்றும் புனர்வாழ்வு வைத்தியசாலை. கண்டிப் பக்கம் திகனையிலும் ஒன்று உண்டு. ஆனால் அந்தப் பெயரைப் பார்த்ததும் நாங்கள் கொஞ்சநேரம் பேசாமல் இருந்தோம். நோய் இருக்கிறதா என்று பார்க்க நம் பூட்டனை இறக்கி அடைத்து வைத்த அதே ராகம. பதுளையில் ரயில் ஏறினால் அதே மெயின் லைனில் ஏறக்குறைய 280 கிலோமீற்றர், பகல் பூராவும் பயணம். கூட ஒருத்தர் போகவேண்டும், அந்த ஒருத்தருக்கும் பேர் விழாது. 2022இல் பெற்றோலும் இல்லை, பஸ்ஸும் இல்லை, மருந்தும் தட்டுப்பாடு என்று ஆனபோது பதுளை ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்கு வருவதே பெரும்பாடு, ராகம எந்த மூலைக்கு?

அம்மாவுக்கு இருந்தது போன்ற சோர்வுக்கு மருந்து என்று ஒன்றும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் நோயாளிகளுக்காக எழுதிய கையேடு சொல்வது இதுதான்: வேலையைத் துண்டு துண்டாகப் பிரி, களைப்பு வருவதற்கு முன்பே நிறுத்து, மறுநாள் விழுந்துவிடாத அளவுக்கு மட்டும் செய், மெல்ல மெல்லக் கூட்டு. உடம்பை வற்புறுத்தி ஓட்டினால் சிலருக்கு இன்னும் பின்னுக்குப் போகும். கேட்க எளிது. காலை பெரட்டிலிருந்து கொழுந்து நிறுக்கும் வரை ஓட்டமாக ஓடுகிற வேலையில் "களைப்புக்கு முன் நிறுத்து" என்று யாரிடம் சொல்வது? துரையிடமா, தராசிடமா? ஒரு தோட்டமாவது தேறுகிறவர்களுக்கு மூன்று மாதம் குறைந்த கிலோவில் முழுப்பேர் போட்டால், அதைவிடப் பெரிய மருந்து எதுவும் வேண்டியதில்லை. கர்ப்பிணிகளுக்கு இலகு வேலை கொடுப்பது தோட்டத்துக்குத் தெரியாத விஷயம் ஒன்றுமில்லை.

செய்யக்கூடியதாக ஒன்று மட்டும் கையில் கிடைத்தது. ஜேர்மனியின் ட்ரெஸ்டன் நகரில் தோமஸ் ஹம்மல் என்பவரும் கூட இருந்தவர்களும் 2009இல் மணப்பயிற்சி என்று ஒன்றை எழுதியிருக்கிறார்கள். நாலு மணம். ஒரு நாளைக்கு இரண்டு தடவை, ஒவ்வொன்றையும் சில விநாடி, நினைவுபடுத்திக்கொண்டே முகர வேண்டும். பன்னிரண்டு வாரம். அந்த நாலும் என்ன என்று பார்த்தபோது சிரிப்பு வந்தது: ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கராம்பு. லயத்து வாசலில் ரோசாச் செடி. ரோட்டோரம் முழுக்க யூகலிப்டஸ், சளிக்கு ஆவி பிடிக்கிற அதே இலை. தேசிக்காயும் கராம்பும் கடையில். வைத்தியத்துக்கு ராகம போகவேண்டும், இதற்கு இஸ்தோப்பை விட்டு இறங்கினால் போதும்.

2022 ஜனவரியில் தொடங்கினோம். காலையில் பெரட்டுக்கு முன், ராத்திரி படுக்க முன். மகள் ஒரு கொப்பியில் திகதி போட்டு எழுதி வந்தாள். மூன்று வாரம் நாலுக்கும் பூச்சியம். நாலாவது வாரம் யூகலிப்டஸுக்கு நேரே "குளிருது, மணக்கல" என்று இருக்கிறது. பிறகுதான் படித்தோம், அந்தக் குளிர்ச்சியை உணர்வது மணத்தின் நரம்பு இல்லை, முகத்தின் வேறொரு நரம்பு என்று. ஏழாவது வாரம் தேசிக்காய்க்கு "என்னமோ இருக்கு". ஒன்பதாவது வாரம் கராம்புக்கு "பல்லு வலிக்குப் போட்டது ஞாபகம் வருது, ஆனா மணமா நெனப்பான்னு தெரியல". அந்த வாரத்துச் சம்பளத் துண்டையும் அதே பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறாள். இரண்டு முழுப்பேர், மூன்று அரைப்பேர்.